காதால் பார்த்த மெனு

கல்பிட்டியில் ஒரு கருவாட்டுக் கடைக்கு இணையதளம் செய்துகொண்டிருந்தேன். அதன் மெனுப் பட்டையின் நீலம் கடலைப் போல இல்லையென்று கடைக்கார நானா ஒரு கிழமையாக என்னோடு மல்லுக்கட்டினார். எனக்கு வெறுத்தே போயிருந்தது.

அன்று அவருடைய தங்கை கடைக்கு வந்தார். பிறவியிலேயே பார்வையில்லாதவர், பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறார். நானா தளத்தை அவருடைய போனுக்கு அனுப்பினார். அவர் திரையைத் தடவ, போன் மெனுவைச் சத்தமாக வாசிக்கத் தொடங்கியது. தகரக் கூரையில் மழை கொட்டுவதுபோலக் கடகடவென்று ஓடியது. எனக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை.

“இந்த வேகத்துல விளங்குதா ராத்தா?”

“ஓம் தம்பி. மெல்ல வாசிச்சா எனக்கு நித்திர வரும்.”

நான் ஒரு சொல்லைப் பிடிப்பதற்குள் கட்டாக் கருவாட்டுப் பக்கத்துக்குப் போய்விட்டார். நான் கண்ணுக்காகவே செய்த மெனுவுக்குள் ஒருவர் காதால் நடந்துபோய்க்கொண்டிருந்தார்.

திடீரென்று நின்றார். “இங்க வெறும் பட்டன் எண்டு மட்டும் சொல்லுது. இது என்ன?”

வாங்கும் சாமானைப் போட நான் ஆசை ஆசையாக வரைந்த கூடைப் படம் அது. போன் வாசிப்பதற்கு அதற்கொரு பெயர் கொடுக்கத் தோன்றவேயில்லை. அங்கேயே மடிக்கணினியைத் திறந்து எழுதிச் சேர்த்தேன். அவர் மறுபடி தடவினார். அந்த மழைக்குள் இப்போது எனக்கும் ஒரு சொல் கேட்டது: கூடை.

“இன்னொருக்கா வாசிக்க விடு” என்றார் நானா. கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அதற்குப் பிறகு நீலத்தைப் பற்றி அவர் கதைக்கவேயில்லை.