நூமாவும் காய்ந்த எலுமிச்சையும்

நூமா டெல்பிட் நியூ ஆர்லியன்ஸில் ஒரே ஹோட்டல் பாரில் முப்பத்தெட்டு வருஷம் நின்றவர். நிஜமாகவே நின்றவர்தான், கால் நரம்பெல்லாம் சுருட்டிக்கொண்ட பிறகும் உட்கார ஒரு ஸ்டூல் கொடுத்தாரில்லை. ஊருக்கே பெயர் வாங்கித் தந்த சாஸரக் என்ற மதுக் கலவையைக் கலந்து கலந்து அலுத்துப்போயிருந்தார்.

அதைவிட அலுப்பு, அதன் கதையைச் சொல்வது. வெளியூர்க்காரர்கள் உட்கார்ந்ததும் கேட்பார்கள், இவரும் ஒப்பிப்பார். முதலில் பிரெஞ்சு பிராந்தியில்தான் கலந்தார்கள். அங்கே திராட்சைக் கொடியைப் பூச்சி தின்று பிராந்தி வரத்து நின்றதும் ரை தானியத்தில் வடித்த விஸ்கி வந்து உட்கார்ந்துகொண்டது. வாசத்துக்குச் சேர்த்த அப்சிந்த் என்ற மூலிகைச் சாராயத்தை அரசாங்கம் தடை செய்ததும் அந்த இடத்துக்கு உள்ளூர்ச் சோம்புச் சாராயம் வந்தது. பெயர் மட்டும் அப்படியே இருக்கிறது.

சர்க்கரைக் கட்டியைச் சிவப்புக் கசப்புச் சாற்றில் நசுக்கி, விஸ்கி ஊற்றி, ஐஸ் போட்டுக் கிண்ட வேண்டும். வேறொரு குளிர்ந்த கிளாஸில் சோம்புச் சாராயத்தைச் சுழற்றிவிட்டுக் கீழே கொட்டிவிட வேண்டும். வாசம் மட்டும் தங்கும். அதில் விஸ்கியை வடித்து, எலுமிச்சைத் தோலை மேலே பிழிந்து, தோலையும் எறிந்துவிட வேண்டும். பாதி பானம் மூக்குக்குத்தான். நூமாவுக்கோ இரண்டு வருஷத்துக்கு முன் வந்த காய்ச்சலோடு மூக்கு செத்துப்போயிருந்தது.

மனைவி ஓடீலுக்கு மட்டும் தெரியும். "ஓய்வுக்கு இன்னும் ஒம்பது மாசந்தான். வாயத் தொறந்துடாதீங்க" என்பாள். திறந்தால் கீழ்த்தளத்தில் ஹோட்டல் துணி மடிக்கும் அறைதான். புது மேனேஜர் கார்லைல் ஏற்கெனவே இரண்டு பேரை அங்கே தள்ளிவிட்டார்.

போதாக்குறைக்கு எர்னஸ்டீன் அம்மா. கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். தினமும் நாலு மணிக்கு, பார் திறந்ததுமே முதல் சாஸரக் அவருக்குத்தான். இருபது வருஷமாக நல்ல மனுஷி. இந்த இரண்டு வருஷமாகத்தான் எதற்கெடுத்தாலும் நொட்டை. "எலுமிச்ச காஞ்சு கெடக்கு, வேற எடு." "கிளாஸ் சரியில்ல, திரும்பக் கலக்கு." வயசாகிவிட்டது பாவம் என்று நூமா பல்லைக் கடித்துக்கொள்வார்.

அந்த வியாழக்கிழமை கார்லைல் வந்து எர்னஸ்டீன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தார். "மிஸ்டர் நூமா, நமக்கும் ஒண்ணு போடுங்க. உங்க கையத்தான் எல்லாரும் புகழுறாங்க."

நூமா கலந்து மேனேஜர் முன்னால் வைத்தார். கிழவி லபக்கென்று கிளாஸைப் பிடுங்கினார். "நான்தான் மொதல்ல வந்தவ." முகர்ந்தவர் முகத்தைச் சுளித்தார். "எலுமிச்ச காஞ்சு போச்சு. கொட்டு."

கார்லைல் சிரித்தார். நூமாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அன்று காலையில்தான் அவரே பார்த்து வாங்கிவந்த எலுமிச்சை அது. வெட்டிய இடத்தில் இன்னும் சாறு சொட்டிக்கொண்டிருந்தது. நறுக்கென்று ஏதாவது சொல்லிவிட வாயெடுத்தவரின் கண் கீழே போனது. மூடி திறந்திருந்தது சோம்புச் சாராயப் புட்டி இல்லை. அதே அளவுப் புட்டியில் பக்கத்திலேயே இருக்கும் ஆரஞ்சுப் பூத் தண்ணீர். ஜின் பானத்துக்கு விடுவது.

இரண்டு வருஷத்து எலுமிச்சைகளும் ஒன்றொன்றாக ஞாபகம் வந்தன. சரியான புட்டியை எடுத்து மறுபடி கலந்தார். கார்லைல் குடித்துவிட்டு, பிரமாதம் என்று தோளைத் தட்டிவிட்டு எழுந்து போனார்.

"எப்பத்துலருந்து தெரியும்?" என்று நூமா கேட்டார்.

"கொட்டுறதுக்கு முன்னாடி கிளாச ஒரு தடவ மோந்து பாப்ப. காய்ச்சல்ல கெடந்து எந்திரிச்சு வந்த பொறவு பாக்கல."

"ஏம்மா சொல்லல?"

"சொல்லியிருந்தா என் மொகத்துல முழிச்சிருப்பியா? பிராந்தி போச்சு, விஸ்கி வந்துச்சு. உன் மூக்கு போச்சு, நான் வந்தேன். திங்கக்கெழம என் மக ஹூஸ்டனுக்குக் கூட்டிட்டுப் போயிடுறா. இனி யாருன்னு நீதான் பாத்துக்கணும்."

இந்தக் கிழவியைத்தான் இரண்டு வருஷமாக மனசுக்குள் திட்டியிருக்கிறோம் என்று நினைத்தபோது நூமாவுக்குக் கண் கரித்தது. "இன்னொரு மூக்கத் தேட எனக்குத் தெம்பில்லம்மா. மேனேஜர்கிட்ட சொல்லிடுறேன். துணி மடிக்கச் சொன்னா மடிச்சுட்டுப் போறேன்."

"சொல்லு. அதுக்கு முன்னாடி எனக்கு ஒண்ணு கலக்கு. நான் வந்து இன்னும் ஒரு வாய் குடிக்கல."

கலந்தார். கொட்டுவதற்கு முன் கிளாஸைப் பழையபடி மூக்கருகே கொண்டுபோனார். ஒன்றுமில்லை. கொட்டி, விஸ்கியை வடித்து, தோலைப் பிழிந்து, அவர் முன்னால் வைத்தார்.

எர்னஸ்டீன் அம்மா வெகுநேரம் முகர்ந்தார்.

"எலுமிச்ச நல்லாருக்கு நூமா" என்றார்.