திரைச்சீலைக்குப் பின்னால் நின்றவர்

சூரிச்சில் ஓர் அருங்காட்சியகத்தில் பழைய ஓவியங்களைச் சீர்செய்வது என் வேலை. விக்டோரியா காலத்து ஆங்கில ஓவியர் ஒருவர் தீட்டிய பெண்ணின் படம் ஒன்று சென்ற ஆண்டு என் மேசைக்கு வந்தது. சிவந்த கூந்தல், பச்சை நாடா. அவள் துணி தைத்துப் பிழைத்தவள். அவர் பெரிய இடத்துப் பிள்ளை. அவளை வைத்தே நிறையப் படங்கள் தீட்டினார். இருவருக்கும் இடையில் வெளியே சொல்லாத காதல் இருந்ததாக ஒரு பேச்சு உண்டு. சான்று கிடையாது.

அவளுக்குப் பின்னால் தொங்கிய பழுப்புத் திரைச்சீலைதான் என்னை உறுத்தியது. முகத்தை அவ்வளவு பொறுமையாகத் தீட்டிய கை, திரையை மட்டும் சுவருக்கு வெள்ளையடிப்பது போல அடித்திருக்குமா? நுண்ணோக்கியில் பார்த்தேன். ஓவியத்தின் பழைய வெடிப்புகளுக்குள் அந்தப் பழுப்பு இறங்கியிருந்தது. படம் காய்ந்து முதிர்ந்து வெடித்த பிறகு வேறு யாரோ பூசியது அது.

“கீழே ஒன்றுமே இல்லாவிட்டால்?” என்றார் என் தலைமை அதிகாரி.

“இருக்கிறது” என்றேன். எங்கிருந்து வந்த துணிச்சலோ!

குளிர்காலம் முழுவதும் பஞ்சுக் குச்சியால் கொஞ்சம் கொஞ்சமாக அந்தப் பழுப்பை எடுத்தேன். முதலில் ஒரு கண்ணாடியின் பொன் சட்டம் தெரிந்தது. பிறகு கண்ணாடிக்குள் ஒரு மனிதர். ஓவியரேதான். தூரிகை அந்தரத்தில் நிற்க, அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மணிக்கட்டில் அதே பச்சை நாடா. நான் போட்ட சத்தத்தில் பக்கத்து அறைக்காரர்கள் ஓடி வந்தார்கள்.

அன்று எங்கள் வீடு இருக்கும் எம்மன்புரூக்கேக்குத் திரும்பும் ரயிலில் இருந்து என் காதலனுக்கு அழைத்தேன். என்னைப் போல இங்கே பிறந்த ஈழத்தமிழன், மருத்துவமனையில் ஆண் தாதி. நாங்கள் திரிம்பாக் அம்மன் கோயிலுக்குப் போகிற சைவர்கள். அவன் வேதக்காரப் பிள்ளை, கிறிஸ்தவன். அதனால் அம்மாவுக்குச் சொல்லாமலே வைத்திருந்தேன்.

“படத்தின்ர திறப்பு விழாவுக்கு வா. அம்மாவும் வருவா” என்றேன்.

“உண்மையாவோ?”

“ஓம்.”

விழாவன்று பட்டுச் சேலையில் வந்த அம்மா படத்தின் முன்னால் நெடுநேரம் நின்றார்.

“இவளில வைச்ச விருப்பத்தை எவ்வளவு காலம் ஒளிச்சு வைச்சிருந்தவராம்?”

“சாகுமட்டும், அம்மா.”

“பாவம் அந்தப் பிள்ளை.”

நான் அவன் கையைப் பிடித்து முன்னால் கொண்டுவந்தேன். “அம்மா, இவரைத்தான் நான் கலியாணம் செய்யப்போறன்.”

அம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தார். “பல்கனியில குளிருக்க நிண்டு போனில கதைக்கிறது இவரோடதானோ?”

“ஓம்...”

“உள்ளுக்க இருந்தே கதைச்சிருக்கலாமே, பிள்ளை!” என்றவர் அவன் பக்கம் திரும்பினார். “ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வாங்கோ, தம்பி.”

அவன் தயங்கினான். “சேர்ச் முடிஞ்சு வரலாமோ, அன்ரி?”

“வடிவா வாங்கோ. நண்டு சாப்பிடுவீங்களோ?”

அந்த நேரம் பார்த்து ஒலிவாங்கியில் என் பெயரைச் சொல்லி அழைத்தார்கள். மண்டபம் கைதட்டியது. எல்லாரையும் விடப் பலமாகத் தட்டியது அம்மாதான்.