கள்ளனைப் பிழைக்க வைத்த விதி

அந்த விளையாட்டில் தம்பி போர்வீரன், நான் கள்ளன். பெண்பிள்ளைக்குக் கள்ளன் வேஷம் எதற்கு என்று அம்மா கேட்டாள். நானாகக் கேட்டு வாங்கியதுதான். பத்து வயதில் எனக்கு எல்லோர் மேலும் சந்தேகம். பால்காரர் முதல் கணக்கு டீச்சர் வரை அத்தனை பேரும் எதையோ மறைக்கிறார்கள் என்று உறுதியாக நம்பினேன். அப்படிப்பட்டவளுக்குப் போர்வீரன் வேஷம் எப்படிப் பொருந்தும்?

விளையாட்டைக் கொண்டுவந்தவன் பம்பாய் அத்தான், எங்கள் அத்தையின் மகன். என்னைவிட மூன்று வயது மூத்தவன். அம்மாவின் கண்டிப்பால் நேரில் ‘நீங்க’, மனதுக்குள் ‘அவன்’தான். எண்பதுகளின் நடுவில் ஒரு வருஷம், சாரல் தொடங்கிய சமயம், அத்தை அவனைத் தென்காசியில் எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தாள். இரண்டு நாள் குற்றாலத்தில் குளித்தாள். மூன்றாம் நாள் அவனை விட்டுவிட்டுத் தனியாக ரயிலேறினாள். பம்பாயில் பள்ளிக்கூடம் திறந்த பிறகும் அவன் போகவில்லை. அவனை எங்கள் ஊரிலேயே சேர்ப்பதா, எங்காவது ஹாஸ்டலில் விடுவதா என்று பெரியவர்கள் பேசிக்கொண்டிருப்பார்கள். நான் உள்ளே நுழைந்தால் பேச்சு மழைக்குத் தாவிவிடும். ஏதோ திருட்டுத்தனம் செய்து பள்ளியிலிருந்து விரட்டப்பட்டவன் என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன்.

தெருப்பிள்ளைகள் அவனுடைய இந்தி கலந்த தமிழைக் கேட்டுச் சிரித்தார்கள். அவனோடு விளையாட நாங்கள் இருவர்தான் இருந்தோம்.

ஒரு தடித்த ஆங்கிலப் புத்தகமும் இருபது முகம் கொண்ட ஒரு பகடையும்தான் விளையாட்டுச் சாமான். பலகை கிடையாது, காயும் கிடையாது. அத்தான் ஒரு குகையைச் சொல்லுவான், அதில் ஓர் அரக்கனைச் சொல்லுவான். நாங்கள் என்ன செய்கிறோம் என்று சொல்ல வேண்டும். பலித்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். ஆளுக்கொரு தாளில் எங்கள் உயிர் எண்ணாக எழுதியிருக்கும். அது பூஜ்யமானால் தாளைக் கிழித்துவிட வேண்டும். தாள் கிழிந்தவர் ஆட்டத்துக்குத் திரும்ப முடியாது.

கள்ளனுக்குக் கவசமில்லை, உயிரும் கொஞ்சம்தான். ஆனால் எதிரி பார்க்காதபோது பின்னாலிருந்து குத்தினால் அடி இரண்டு மடங்கு. அதற்காகத்தான் அந்த வேஷத்தை வாங்கினேன். முதல் குத்து நன்றாகவே விழுந்தது. இரண்டாவது குத்துக்குக் கையை ஓங்கினால் அத்தான் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான்:

“இப்ப அரக்கனுக்கு நீ இருக்கறது தெரிஞ்சுபோச்சு. மறுபடி ஒளிஞ்சாதான் அந்த அடி.”

ஒளிவதற்கும் பகடை உருட்ட வேண்டும். எனக்கு வேண்டிய எண் விழாது. அரக்கன் ஒரே அடியில் என்னைச் சாய்த்துவிடுவான். உடனே அத்தான் நாலு பக்கம் புரட்டி, “விழுந்தவங்க மேல கூட இருக்கறவங்க அருவித் தண்ணி தெளிச்சா எழுந்துக்கலாம்” என்று வாசிப்பான். தம்பி தெளிப்பான். நான் எழுந்து மறுபடி அடி வாங்குவேன்.

இப்படியே இரண்டு வாரம் போனது. பின்னாலிருந்து குத்தும் விதியில் இவன் என்னை ஏமாற்றுகிறான் என்ற எண்ணம் போகவே இல்லை. அப்போதுதான் ஒன்று தோன்றியது. வெள்ளைக்காரன் எழுதிய புத்தகத்துக்குள் அருவித் தண்ணீர் எப்படி வந்தது? அது பொய்யென்றால் குத்துகிற விதியும் பொய்தானே!

ஒரு ஞாயிற்றுக்கிழமை புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டு சித்தப்பாவிடம் ஓடினேன். சித்தப்பா வக்கீல் குமாஸ்தா. எழுத்தில் இல்லாத எதையும் நம்ப மாட்டார். என் புகாரை முழுதாகக் கேட்டுவிட்டு, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அரைமணி நேரம் படித்தார். அத்தான் வாசல்படியில் நின்றான்.

“ஏட்டி, பின்னால குத்துததுல அவன் சொல்லுததுதான் சரி. ஒரு குத்துக்குப் பொறவு ஒளிஞ்சுதான் வரணும்னு போட்டிருக்கு. ஆனா இந்த அருவித் தண்ணியத்தான் எங்கயும் காணும்.”

“பாத்தீங்களா, பொய்யி!” என்று குதித்தேன்.

“நீ எத்தன தடவ விழுந்தே?”

தம்பி முந்திக்கொண்டான். “மூணு தடவ சித்தப்பா. நாந்தான் தண்ணி தெளிச்சேன்.”

“அப்பம் நீ மொதத் தடவயே செத்தாச்சு. தாளக் கொண்டா.”

அத்தான் உள்ளே வந்தான். “மாமா, அது நானா சேர்த்தது. இருந்துட்டுப் போகட்டுமே. இவ செத்துட்டா ஆட்டமே முடிஞ்சிரும்.”

“எழுதுனது எழுதுனதுதாம்லே” என்று சித்தப்பா என் தாளை நாலாகக் கிழித்தார்.

கிழித்தவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை, அத்தான் மேல்தான் வந்தது. இரண்டு வாரமாகச் செத்துப்போன ஒருத்தியாக என்னை விளையாட வைத்திருக்கிறான்! “இனிமே ஒங்ககூட வெளையாட மாட்டோம்” என்று சொல்லிவிட்டு, அழுத தம்பியைக் கையோடு இழுத்துக்கொண்டு வந்தேன். அதன்பின் மாடியில் அவன் தனியாகப் பகடை உருட்டுகிற சத்தம் கேட்கும். ஏதோ புதிய பித்தலாட்டத்துக்குப் பழகுகிறான் என்று தம்பியை எச்சரித்து வைத்தேன்.

அந்த வாரமே ஒருநாள் சாப்பிடும்போது அப்பா அவனிடம் நேராகவே கேட்டார். “இங்கனயே எங்க பிள்ளைகளோட படிக்கியா, இல்ல ஹாஸ்டலுக்குப் போறியா? ஒன் இஷ்டம்தாம்ல.”

அவன் என்னைப் பார்த்தான். நான் தலையைக் குனிந்து சோற்றைப் பிசைந்தேன்.

“ஹாஸ்டலுக்கே போறேன் மாமா” என்றான்.

அத்தையும் மாமாவும் பிரிந்து அத்தை வீடு அப்போதே இரண்டாகிவிட்டிருந்தது, பம்பாயில் அவன் திரும்பிப் போக இடமில்லை என்பதெல்லாம் நான் கல்லூரிக்குப் போன பிறகுதான் தெரியவந்தது. அவன் ஹாஸ்டலுக்குக் கிளம்பிய அன்றைக்குத் தென்காசி ஸ்டேஷனில், எல்லோரும் அவனுக்கு மாறி மாறிப் புத்தி சொல்லிக்கொண்டிருந்தபோது, நான் ஜன்னலுக்கு நேராகப் போய் நின்றேன். பொய் சொன்னதற்கு என்னிடம் மன்னிப்புக் கேட்பான் என்று ரயில் நகரும்வரை காத்துக்கொண்டிருந்தேன்.