நான்காவது நட்டு

கதை கட்டுகிறான் என்று நினைப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். 1995-இல் நடந்தது இது. நல்லமுத்து இன்றும் புக்கிட் ரம்பாய் ஊரில்தான் இருக்கிறார். போய் எதை வேண்டுமானாலும் கேளுங்கள், மஜீது பாயின் படகைப் பற்றி மட்டும் வேண்டாம். எழுந்து போய்விடுவார்.

எஸ்டேட்டில் டிராக்டர் மெக்கானிக்காக இருந்து தொழிற்சாலைக்கு மாறியவர் அவர். சனிக்கிழமைகளில் வெளிவேலை. அப்படி ஒரு சனிக்கிழமை, உம்பாய் கடற்கரையில், தண்ணீர் வற்றிச் சேற்றில் உட்கார்ந்திருந்தது அந்தப் பழைய படகு. எஞ்சினைத் தாங்கும் பின்பக்க மவுண்டிங் இரண்டிலும் ரப்பர் தேய்ந்துபோய், ஸ்டார்ட் செய்தால் படகே குளிர்ஜுரம் வந்தாற்போல் ஆடியது. மறுநாள் காலை ஏழு மணிக்கு மஜீது பாய் வீட்டார் பதினோரு பேர், சின்னப் பேத்தி மர்வா உட்பட, நேர்த்திக்கடனுக்காக அதில் புலாவ் பெசார் தீவுக்குப் போகிறார்கள். நடுக்கடலில் எஞ்சின் நகர்ந்தால் விசிறியைச் சுழற்றும் தண்டு உடையும். தண்ணீர் உள்ளே வரும். இது நல்லமுத்துவின் மனதை அரித்துக்கொண்டே இருந்தது.

ஐந்து மணிக்குத் தண்ணீர் ஏறிவிடும். அதற்குள் புது மவுண்டிங்குகளை வைத்து நான்கு நட்டுகளையும் முடுக்க வேண்டும். இருவர் வேலை அது. எஞ்சின் உட்காரும் மரத்தாங்கிக்கு அந்தப் பக்கம் ஒருவர் போல்ட்டின் தலையை ஸ்பானரால் பிடிக்க, இந்தப் பக்கம் மற்றவர் முடுக்குவார். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. பிடித்தவர் ஒரு தட்டு தட்டுவார். டங். பிடிச்சாச்சு என்று அர்த்தம். கூட்டாளி வீரப்பன் அப்படித்தான் மூன்று முறை தட்டினான். மூன்றும் முடிந்தன.

மணி 4:15. இடது மூலையில் கடைசி நட்டு. நல்லமுத்து அதைக் கையில் எடுத்தார்.

டங்.

"இருப்பா, இன்னும் போடல."

டங்… டங்…

என்ன அவசரம் இவனுக்கு? எரிச்சலாக வந்தது. அப்போதுதான் ஒன்று உறைத்தது. வீரப்பனுக்கு மூச்சிரைப்பு உண்டு. பக்கத்தில் இருந்தால் கேட்கும்.

கேட்கவில்லை.

"அண்ணே! டீ வாங்கியாந்துட்டேன், தே தாரிக்!"

கரையிலிருந்து… வீரப்பன்.

டங்.

நல்லமுத்து எப்படி வெளியே வந்தார் என்று அவருக்கே தெரியாது. வீரப்பனிடம் மூச்சு விடவில்லை. மஜீது பாயிடம் வேலை முடிந்துவிட்டது என்று வாய்கூசாமல் சொன்னார். நட்டைக் கையால் திருகியாவது விட்டோம், மற்ற மூன்றும் தாங்கும் என்று இரவெல்லாம் தனக்குத்தானே சமாதானம் சொல்லிப் புரண்டார்.

ஞாயிறு காலை 6:50. துவைக்கச் சட்டையை எடுத்தாள் மனைவி மீனம்மா.

"என்னங்க, பாக்கெட்ல நட்டு கெடக்கு."

மோட்டார் சைக்கிளை விரட்டிக்கொண்டு போனார். 7:35. படகு போய்விட்டிருந்தது.

கரையில் உட்கார்ந்தார். எழுந்தார். நடந்தார். பதினோரு பேர்… பாவி, பதினோரு பேர்… அந்தக் குழந்தை…

மதியம் 1:40-க்குப் படகு வந்தது. பதினோரு பேரும் இறங்கினார்கள். மர்வா யார் தோளிலோ தூங்கிக்கொண்டிருந்தாள். எஞ்சின் துளிகூட ஆடவில்லை, முத்துவின் கை பட்டால் போதும் என்று மஜீது பாய் வாயாரப் புகழ்ந்தார்.

நல்லமுத்து படகுக்குள் இறங்கினார்.

இடது மூலை போல்ட் மொட்டையாக நின்றது. நட்டே இல்லை.

பாக்கெட்டில் கிடந்த அந்த நட்டை எடுத்து வைத்தார்.

டங்.

முடுக்கினார். அந்தப் பக்கம் போல்ட் இம்மியும் சுழலவில்லை.

வெளியே வந்து பாயிடம் எல்லாவற்றையும் கொட்டினார். திட்டுவார் என்று பார்த்தால், பாய் பழைய கதை ஒன்றைச் சொன்னார்.

பழைய மவுண்டிங்கைப் போட்டவர் வடிவேலு என்பவராம். ஆறு வருடம் முன்பு, இதே இடது மூலையில், மறுபுறம் படுத்து போல்ட்டைப் பிடித்திருந்தபோது நெஞ்சுவலி. அங்கேயே உயிர் போய்விட்டதாம்.

"தூக்கினப்பகூட ஸ்பானர அவன் கையிலருந்து எடுக்க முடியல, முத்து. அப்படிப் புடிச்சிருந்தான் லா."