கிணற்றில் போடாத பவுடர்

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில் அப்பா பட்டு நூலுக்குச் சாயம் போடுவார். நிறம் இம்மி பிசகினாலும் கண்டுபிடித்துவிடுகிற கண் அவருக்கு. அந்தக் கண்ணையே எல்லாவற்றுக்கும் நம்பியதுதான் வந்த வினை.

ஐப்பசி மழையில் கிணறு கைக்கெட்டும் உயரத்துக்கு ஊறிவிட்டது. கொஞ்சம் தள்ளித்தான் எங்கள் கக்கூஸ் தொட்டி. இரண்டு தண்ணீரும் மண்ணுக்கடியில் கலந்திருக்கும் என்று இப்போது தெரிகிறது. தெருவில் வாந்தி பேதி என்று பேச்சு அடிபட, நகராட்சி அக்கா ஒருவர் பிளீச்சிங் பவுடரோடு வந்தார். அப்பா வாசலிலேயே மறித்தார்.

"கிணத்துல அத்தப் போட்டா நூலு வெளுத்துப் போயிடும்மா. முகூர்த்தப் புடவைக்கு அரக்குச் சாயம் போட்டுக்கினு இருக்கேன். தண்ணி பளிங்காட்டம் இருக்குது, நீயே வந்து பாரு."

"கிருமி கண்ணுக்குத் தெரிஞ்சா நீங்களே பொறுக்கிப் போட்டுட மாட்டீங்களா?" என்றார் அக்கா.

அப்பா சிரித்தார். அக்கா ஒரு பொட்டலத்தை ஜன்னலில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அந்த வாரமே தங்கைக்கு வாந்தி பேதி கண்டது. கண் செருகிக் கிடந்தவளை அம்மாவும் அப்பாவும் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனார்கள். வீட்டில் நான் மட்டும். அதே தண்ணீரைத்தான் நானும் குடித்திருந்தேன். வயிறு லேசாக இரைந்தாலும் அடுத்தது நான்தான் என்று நடுங்கினேன். தம்ளரில் தண்ணீர் மொண்டு வெயிலில் பிடித்துப் பார்த்தேன். ஒன்றுமே தெரியவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

மத்தியானம் அப்பா மட்டும் திரும்பினார்.

"தங்கச்சி எங்கபா?"

"குளுக்கோஸ் ஏறிக்கினு இருக்குது."

"பொழச்சிக்கும்னு சொன்னாங்களா?"

அவர் நேரே கிணற்றடிக்குப் போனார். ஒரு வாளி இறைத்து, செம்பு நிறைய மொண்டு, தங்கையைச் சாய்த்த அதே தண்ணீரைக் கண்ணை மூடிக்கொண்டு மடமடவென்று குடித்தார். அதன்பிறகுதான் பொட்டலத்தைப் பிரித்து, முழுவதையும் வாளியில் கரைத்துக் கிணற்றில் ஊற்றினார். இன்னும் அலசாத அரக்கு நூல் கொப்பரையிலேயே கிடந்தது. அந்தப் பக்கமே அவர் திரும்பவில்லை.

தங்கை பிழைத்து வீடு வந்தாள், வாடிய கீரைத்தண்டு மாதிரி. அப்பா அவள் தலைமாட்டிலேயே உட்கார்ந்திருந்தார், சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. அவரைத் தேற்றுவதாக நினைத்து அம்மாவிடம் சொன்னேன்.

"அப்பாவும் அந்தத் தண்ணியத்தாம்மா ஒரு செம்பு குடிச்சாரு. அவருக்கு ஒண்ணுமே ஆவல பாரு."

நல்ல செய்தி சொன்னதாகத்தான் நினைத்தேன். அதைக் கேட்டு அப்பா ஏன் முகத்தை மூடிக்கொண்டு அழுதார் என்பது எனக்கு அன்று விளங்கவில்லை.