பூட்டுப் போட்ட பேப்பரைத் திறந்து தந்த ஐசக் சார்

ஐசக் சார் போய்விட்டார். இன்று காலை, பேச்சிப்பாறையில், மகள் வீட்டில் வைத்து. மேபல் சிஸ்டர் போன் செய்து சொன்னார்.

என் வேலை போக இருந்த அன்றைக்கு, ஆஸ்பத்திரி லைப்ரரி அறையில் இருந்தவர்கள்... கம்ப்யூட்டர் முன்னால் ஐசக் சார். ஏதோ ஆராய்ச்சிப் பேப்பர் கேட்டு வந்திருந்த நர்ஸ் மேபல் சிஸ்டர். வாசலை மறித்துக்கொண்டு சூப்பர்வைசர் தாசையன். அவருக்குப் பின்னால், என்னோடு துப்புரவு வேலை பார்த்த லீலா. நடுவில் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு ரெத்தினபாய் ஆகிய நான்.

ஒருவரையும் மறக்கவில்லை.

சாரைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். குழித்துறைக்குப் பக்கத்தில் நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் அவர் லைப்ரேரியன். டாக்டர்மாருக்கும் நர்ஸ்மாருக்கும் வேண்டிய மெடிக்கல் ஜர்னல்களை ஆன்லைனில் தேடி எடுத்துக் கொடுப்பார்.

முதல் நாள் லைப்ரரியைப் பெருக்கப் போனபோது அங்கே ஒரு அலமாரிகூட இல்லை. இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர். அவ்வளவுதான்.

"சாரே, புக்கெல்லாம் எங்க?"

"எல்லாம் இதுக்குள்ள இருக்கு ரெத்தினம்."

"அப்போ தூசி தட்டண்டாமே!"

கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுச் சிரித்தார்.

டியூட்டி மாறும் நேரத்தில் ஒரு நோட்டோடு வார்டு வார்டாக நடப்பார். "இன்னைக்கு எதாவது தெரியாம முழிச்சியளா மக்கா?" என்று நர்ஸ்களிடம் கேட்பார். கேட்டவர் பெயரையும் கேள்வியையும் எழுதிக்கொள்வார்.

மறுநாள் பேப்பர் பிரிண்டாக வரும். உள்ளே என்ன இருக்கிறதென்று மேலே பென்சிலால் தமிழில் ஒரே ஒரு வரி. அடுத்த தடவை அவர்களே போனில் தேடிக்கொள்ள வழியும் சொல்லிக் கொடுப்பார்.

மேசை துடைக்கும்போது அந்தப் பென்சில் வரிகளை ஒன்று விடாமல் வாசிப்பேன். அஞ்சாம் கிளாஸ் படிப்புக்கு அது போதும். படுத்தே கிடக்கும் நோயாளியை எப்போதெல்லாம் திருப்பிப் படுக்க வைப்பது, ஊசி போடும்போது குழந்தைக்கு எப்படிப் பராக்குக் காட்டுவது... இதையெல்லாமா உட்கார்ந்து ஆராய்ச்சி செய்கிறார்கள்! எனக்குத் தீராத ஆச்சரியம்.

ஒரு வருஷம் என் கை வெடித்தது. விரல் இடுக்கெல்லாம் தோல் உரிந்து, ரத்தம் கசிந்து... வீட்டுக்கு வருகிற சம்பளம் என் சம்பளம் ஒன்றுதான்.

லைப்ரரியைப் பெருக்கிக்கொண்டிருந்தபோது தாசையன் வந்து நின்றார்.

"கைய நீட்டு. பாத்தியளா சாரே? படருற சொறியாக்கும். நாளையிலேருந்து இவ வரண்டாம்."

நான் லீலாவைப் பார்த்தேன். ஆறு வருஷம் ஒரே தூக்குவாளியிலிருந்து சோறு தின்றவர்கள் நாங்கள். ஒரு வார்த்தை சொல்லுவாள் என்று பார்த்தேன்.

சொன்னாள். முந்தானைக்குள் கையைச் சுருட்டி வைத்துக்கொண்டு சொன்னாள்.

"ஆமா சாரே. இவளுக்கு முன்னேயும் வந்திருக்கு. இவ வீட்ல எல்லாருக்கும் உண்டு."

பொய். பச்சைப் பொய்.

ஐசக் சார் கோபப்படவில்லை. நோட்டை எடுத்தார். 'கேட்டவர்: ரெத்தினபாய்' என்று எழுதினார்.

"ஒனக்க கேள்வி என்னம்மா?"

"சாரே, அது டாக்டர்மாருக்க நோட்டாக்கும்" என்றார் தாசையன்.

"கேள்வி உள்ளவியளுக்க நோட்டு, தாசையா."

நீட்டிய கையை மடக்காமலே கேட்டேன். "இது தொத்துமா சாரே? இல்ல, வேலையில வந்ததா?"

சார் என்னிடம் திருப்பிக் கேட்டார். எந்தக் கையில் முதலில் வந்தது? லீவில் எப்படி இருந்தது?

"கிறிஸ்மஸ் லீவுல வாடிப் போச்சு சாரே. திரும்ப வேலைக்கு வந்ததும் வெடிச்சுது."

"கிளவுசை எப்படிக் கழுவுவ?"

"பிளீச்சிங் பவுடர் கலக்குன வெள்ளத்துல. கிருமி சாவட்டும்னு உள்ளயும் ஊத்திக் கழுவி, அப்படியே மாட்டுவோம்."

மேபல் சிஸ்டர் தலையில் கையை வைத்தார். "அட பாவிகளே!"

சார் தேடினார். ஒரு பேப்பர் கிடைத்தது, துப்புரவு வேலை செய்பவர்களின் கையைப் பற்றியே! ஆனால் முதல் பத்தி மட்டும்தான் தெரிந்தது. மீதிக்கு ஒரு பூட்டுப் படம். அந்த ஜர்னலுக்கு எங்கள் ஆஸ்பத்திரி சந்தா கட்டவில்லையாம்.

"இனி என்ன செய்ய சாரே?"

"எழுதின ஆள்ட்டயே கேப்போம்."

அப்படியும் கேட்கலாமா? முன்பின் தெரியாத, எந்த நாட்டிலேயோ இருந்து அதை எழுதிய அம்மாவிடம்?

"மூணு நாள் பொறும் ஓய்" என்று தாசையனை நிறுத்தி வைத்தார் மேபல் சிஸ்டர்.

மூன்றாம் நாள் முழுப் பேப்பரும் மெயிலில் வந்தது. கூடவே, கை இப்போது எப்படி இருக்கிறது என்று அந்த அம்மா விசாரித்திருந்தார். என் கையை!

அதில் ஒரு போட்டோ. வெள்ளைக்காரி கைதான், ஆனால் வெடிப்பு அப்படியே என் வெடிப்பு.

மேபல் சிஸ்டர் என்னையும் பேப்பரையும் ஸ்கின் டாக்டரம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனார். டாக்டரம்மா என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது தொற்றாது, வேலைக்கு வரலாம்" என்று எழுதிக் கொடுத்தார்.

சாரின் பென்சில் வரி: 'தொற்றாது. கையுறைக்குள் ஈரமும் பிளீச்சிங்கும் கூடாது.' அந்தப் பேப்பர் இப்போதும் என் பைபிளுக்குள் இருக்கிறது.

தாசையன் ஒரு சீப்பு மட்டிப் பழத்தோடு வீட்டுக்கு வந்து, தப்பாகிவிட்டது என்றார். அவரை விட்டுவிட்டேன்.

எங்களுக்கெல்லாம் ரப்பர் கிளவுசுக்கு உள்ளே போடப் பருத்திக் கையுறை வந்தது. முதல் ஆளாக ஓடிவந்து இரண்டு ஜோடி எடுத்தவள் லீலா. அவள் விரல் இடுக்கை அன்றைக்குத்தான் பார்த்தேன். என் கையைப் போலவே இருந்தது.

ஒருநாள் சாரிடம் கேட்டேன். "லீலா எதுக்கு அப்படிச் சொன்னா? அதையும் இதுல தேடிப் பாத்துச் சொல்லுங்க."

"அதுக்கு ஜர்னல் கிடையாதும்மா. சொன்ன ஆள்ட்டதான் கேக்கணும்."

அதற்குப் பிறகு எங்கே பார்த்தாலும், "கேட்டியா ரெத்தினம்?" என்பார். "இல்ல சாரே" என்பேன்.

நாளைக்கு அடக்கம். லீலாவும் வருவாளாம்.

போயிட்டு வாருங்க சாரே... கை நல்லா இருக்கு.

இன்னும் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன். உன்னை மட்டும் மன்னிக்க மாட்டேன் லீலா.