ஸ்டெல்லா ரீச்சர் பாட மறுத்த பாட்டு

ஸ்டெல்லா ரீச்சர் இறந்த செய்தி எனக்கு ஒரு பாட்டோடுதான் வந்தது. பழைய மாணவி ஒருத்தி வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள்: 'எங்கட குயில் பறந்திட்டுது.' கீழே, இளவயதில் எங்கள் இசைக்குழு வெளியிட்ட கசெற்றிலிருந்து அந்தப் பாட்டு. மத்தியானத்துக்குள் ஊரே அதை அனுப்பிவிட்டது. போனைத் தூக்கி எறியலாம் போலிருந்தது. ரீச்சருக்கு அந்தப் பாட்டைக் கண்ணிலும் காட்டக்கூடாதே!

அவரை அறிந்த உங்களுக்கு அந்தக் கசெற்றையும் தெரியும். துறைமுகப் பக்கத்துக் கலியாண வீடுகளில் அது இல்லாமல் ஒன்றும் நடக்காது. கீபோர்ட் வாசித்தவன் நான். இப்போது கேட்டால் தகரத்தில் மழை பெய்கிற மாதிரி இருக்கிறது. அது கிடக்கட்டும், பாட்டின் கதை அதைவிட மோசம். ஒருவன் ஒரு பெண்ணைப் பள்ளிக்கூட வாசல்வரை துரத்துகிறான். அவள் வேண்டாம், வேண்டாம் என்கிறாள். அவன் விடுவதாயில்லை. கடைசியில் கிலுகிலுவென்று சிரித்து, ஓம் என்கிறாள். அந்தச் சிரிப்பு ரீச்சருடையது. கசெற்றில் அவர் பாடியதும் அந்த ஒரு பாட்டுத்தான்.

பிறகு அவர் படிப்பிக்கப் போனார். பஸ் தரிப்பிடத்தில் பெடியள் அவரின் மாணவிகளுக்குப் பின்னால் அதே பாட்டைப் பாடிக்கொண்டு திரிந்தார்கள். ஒரு பிள்ளை பள்ளிக்கு வருவதையே விட்டுவிட்டாள். அந்த வருஷக் கோயில் திருநாள் மேடையில் சனம் அந்தப் பாட்டைத்தான் கேட்டு விசிலடித்தது. ரீச்சர் தொடங்கினார். சிரிக்கவேண்டிய இடம் வந்ததும் மைக்கை இறக்கினார். "வேண்டாம் எண்டால் வேண்டாம்தான். இனி இதை நான் பாடமாட்டன்." நான் கீபோர்டுக்குப் பின்னால் முழிசிக்கொண்டிருந்தேன்.

"சனத்துக்கு இது சும்மா பாட்டுத்தானே, ரீச்சர்?" என்றேன் கீழே வந்து.

"சனம் வீட்ட போயிடும் தம்பி. அந்தப் பிள்ளை எப்பிடிப் பள்ளிக்கு வாறது?"

அதன்பிறகு கோயிலில் பூசைக்குப் பாடும் குழுவோடு மட்டும் பாடினார். யாராவது பதிவுசெய்யப் போனைத் தூக்கினால் முறைப்பார்.

செத்தவீட்டு வாசலில் ஓட்டோவுக்கு ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு நின்றார்கள். மரண அறிவித்தலோடு அந்தப் பாட்டையும் சாம்பல்தீவு வரைக்கும் போடப்போகிறார்களாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நிப்பாட்டுங்கோ!" என்று கத்தினேன். உள்ளேயிருந்து ரீச்சரின் மகள் நிரோஷா வந்தாள். போடச் சொன்னதே அவள்தான்.

"அம்மாவுக்கு இது பிடிக்காது, பிள்ளை."

"தெரியும் மாமா. அம்மாவின்ர குரல் வேற எங்க இருக்கு? சொல்லுங்கோ."

அவள் ஒலிபெருக்கியை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு தானே போய்ப் பாட்டைப் போடவேண்டாம் என்று சொன்னாள். ஓட்டோ அறிவித்தலை மட்டும் சொல்லிக்கொண்டு போனது. அவள் மூலையில் ஒரு கதிரையில் இருந்து போனில் அந்தப் பாட்டைப் போட்டுக் காதோடு வைத்துக்கொண்டாள். சிரிப்பு வரும் இடம் எனக்குத் தெரியும். அந்த இடத்தில் கண்ணை மூடினாள். திரும்பவும் அதையே போட்டாள்.

ரீச்சரிடமிருந்து நான் வைத்திருப்பது, மேடையில் மைக்கை இறக்கிய அந்தக் கையைத்தான். கேட்கிற எல்லாருக்கும் அதைச் சொல்லுவேன். ஆனால் அந்தச் சிரிப்பை அழித்துவிடு என்று அவர் பெற்ற பிள்ளையிடம் சொல்ல எனக்கு வாய் வராது.